பிக்கப்புக்கு ஏர் பேக் போடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. குடியாத்தத்தில் லைட் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறோம். இரண்டு சக்கர டிராலியில் ஜெனரேட்டரை ஏற்றி பிக்கப்பில் மாட்டி இழுக்கிறோம். டிராலியோடு சேர்த்து எடை மேடையில் 1,800 கிலோ வந்தது. கொக்கியில் மாட்டியதுமே பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் டிம் பண்ணச் சொல்லி லைட் அடிக்கிறார்கள். வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா, அதற்கப்புறம் ஏலகிரி, பேரணாம்பட்டு என்று வரிசையாக ஓட்டம் இருக்கிறது. ஏர் பேக் போட்டால் வண்டி நிமிர்ந்துவிடும், இன்னும் ஒரு டன்கூட ஏற்றலாம் என்கிறார் தெரிந்தவர். போடலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: போடலாம் தம்பி. ஆனால் அந்த ஒரு டன் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏர் பேக் என்பது சேஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டைக்குத் துணையாக உட்காரும் ரப்பர் பை, அவ்வளவுதான். தொங்கின பின்பக்கத்தை அது தூக்கிக் கொடுக்கும். ஆக்சில், டயர், பிரேக், வீல் பேரிங், கொக்கி எதுவும் அதனால் பலம் கூடிவிடாது. அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் மாட்டுகிற ஏர் லிஃப்ட் கம்பெனியின் லோட்லிஃப்டர் 5000 என்ற செட்டையே பாருங்கள். அந்த 5000 என்பது இரண்டு பையும் சேர்ந்து தாங்குகிற பவுண்டு, நம் கணக்கில் சுமார் 2,270 கிலோ, ஆனால் வண்டிக்கு ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடையைத் தாண்டக் கூடாது என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. டிராலிக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். பை மாட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எஃப்.சி. நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கொக்கி இருப்பது பின் ஆக்சிலுக்கும் பின்னால். அங்கே பாரம் விழுந்தால் சீசா பலகை மாதிரி பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் கிளம்பும். உதாரணத்துக்கு, கொக்கியில் 200 கிலோ, கொக்கி பின் ஆக்சிலிலிருந்து 4 அடி தள்ளி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்திலிருந்து 80 கிலோ கழன்றுபோய், பின் ஆக்சிலில் 280 கிலோ ஏறும். ஏர் பேக்கில் காற்று அடித்ததும் வண்டி மட்டமாகி, ஹெட்லைட் ரோட்டைப் பார்க்கும், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முன் சக்கரத்தை விட்டுப் போன அந்த 80 கிலோ திரும்பி வராது. மழை நேரத்தில் பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் ஸ்டியரிங் லேசாக மிதக்கிற மாதிரி இருந்தால் காரணம் இதுதான்.

அதனால் காசு செலவு பண்ணுவதற்கு முன்னால் கொக்கியின் எடையைப் பாருங்கள். மண்டியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு போதும். டிராலி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டிராலியை மட்டமாக நிறுத்தி, கொக்கி முனையை மட்டும் தராசில் வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், உங்கள் 1,800 கிலோவுக்கு 180 முதல் 270 கிலோ. அதற்கு மேல் போனால் ஜெனரேட்டரைப் போல்ட் கழற்றிக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி முறுக்குங்கள். பின்பக்கம் தொங்குகிறதே என்று 10 சதவீதத்துக்குக் கீழே மட்டும் கொண்டுபோகாதீர்கள், டிராலி வாலாட்ட ஆரம்பித்தால் பிக்கப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கேபிள் சுருள், சவுண்ட் பாக்ஸ் எல்லாவற்றையும் பின் கதவோரம் அடுக்காமல் கேபினை ஒட்டி ஏற்றுங்கள். பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் தொங்கினால் ஏர் பேக் நல்ல வழிதான். கூடுதல் கமான் பட்டை போட்டால் வெறும் வண்டியில் போகும்போதும் குதித்துக்கொண்டே இருக்கும், பையில் காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மாட்டும்போது சைலன்சர் பைப்பை விட்டுத் தள்ளி இருக்கிறதா, சக்கரம் ஏறி இறங்கும்போது எங்காவது உரசுகிறதா என்று கூடவே நின்று பாருங்கள். வெறும் வண்டியில் மட்கார்டு உயரத்தை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள், டிராலி மாட்டினதும் மறுபடி அளந்து, பின்பக்கம் பழைய உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்வரை காற்று அடித்தால் போதும். அதைத் தாண்டி அடித்தால் தூக்கிப் போடும்.

இன்னொன்று, இதைப் பலரும் சொல்வதில்லை. நிறைய பிக்கப்புகளில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி மேலே பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கினால், அந்தக் கம்பி வழியாக வால்வு தெரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். பையில் காற்று அடித்து வண்டியைத் தூக்கிவிட்டால் பாரமே இல்லை என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். எனக்கு இது அனுபவம். பை மாட்டின பட்டறையில் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை, எனக்கும் அப்போது தெரியாது. டிராலியோடு ஏலகிரியிலிருந்து இறங்குகிறேன், 14 வளைவில் பாதிகூட இறங்கவில்லை, முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை, அடுத்த வளைவில் புகை. பிரேக் பெடல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கியரைக் குறைத்து மலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் இறங்கினேன். கூட இரண்டு பசங்கள் வேறு இருந்தார்கள், இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருந்தால், பை மாட்டின கையோடு விவரம் தெரிந்த பிரேக் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபண்ணாமல் மலை ஏறவே ஏறாதீர்கள்.

கேள்வி: இரண்டு பைக்கும் ஒரே குழாய் போட்டால் காற்று அடிக்க சுலபம் என்கிறார்களே, சரியா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம். வளைவில் திரும்பும்போது பாரம் ஒரு பக்கம் சாயும், ஒரே குழாயாக இருந்தால் அமுங்கின பையிலிருந்து காற்று அடுத்த பைக்கு ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். உயரமான ஜெனரேட்டரை இழுக்கிறவர்களுக்கு இது ஆகவே ஆகாது. தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு போடுங்கள்.

கேள்வி: டிராலி இல்லாத நாளில் பையின் காற்றை முழுக்க இறக்கிவிடலாமா?
- வாசகர், வாணியம்பாடி

பதில்: முழுக்க இறக்கக் கூடாது. காற்றில்லாத பை மடிந்து நசுங்கி, உரசி ஓட்டையாகிவிடும். மேலே சொன்ன லோட்லிஃப்டருக்கு எப்போதும் குறைந்தது 5 பவுண்டு (பி.எஸ்.ஐ.) காற்றழுத்தம் இருக்க வேண்டும், அதிகபட்சம் 100. உங்கள் பைக்கு என்ன அளவு என்று அதனுடன் வந்த தாளில் பாருங்கள். நம் வேலூர் வெயிலுக்கு மத்தியானத்தில் அளந்தால் காற்று கூடுதலாகக் காட்டும், காலையில் வண்டி எடுக்கும் முன்னால் அளங்கள். இரண்டு மூன்று நாளில் காற்று இறங்கினால் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கேதான் கசிவு.