ஆர்வெல், ஹக்ஸ்லி, பிராட்பரி: இன்றைக்கு எவ்வளவு பொருந்துகிறார்கள்? கேள்வி பதில்

இருண்ட எதிர்காலத்தைச் சொன்ன பழைய நாவல்கள் பற்றி இந்த வாரம் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, தெருவுக்குத் தெரு சிசிடிவி, ஆளுக்கொரு போன். ஆர்வெல் '1984'இல் எழுதியது அப்படியே நடந்துவிட்டது என்கிறார்களே?

பாதிதான். நாவலில் மக்கள்தொகையில் 85 சதவீதம் 'ப்ரோல்'கள், உழைக்கும் ஜனங்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் டெலிஸ்கிரீனே (ஆளைக் கண்காணிக்கும் திரை) கிடையாது. ஆளும் கட்சி உளவு பார்ப்பது முக்கியமாகக் கட்சிக்காரர்களை. மற்றவர்களுக்கு பீர், கால்பந்து, லாட்டரி போதும் என்று விட்டுவிடுகிறது. இன்று யாரையும் விட்டுவைப்பதில்லை. அந்தக் கருவியையும் நாமே தவணையில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். கேமராவை வைத்து இந்த நாவலை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் உயிர் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கிறது.

அப்படி என்ன உத்தியோகம்? நான் இன்னும் படிக்கவில்லை.

பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. சாக்லேட் ரேஷனைக் குறைக்க மாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்திருக்கும். பிறகு 30 கிராமை 20 ஆக்கப்போகிறார்கள். உடனே வாக்குக் கொடுத்த பழைய இதழில், குறைக்க நேரலாம் என்று எச்சரித்ததாக மாற்றி அச்சடிக்கிறார்கள். அதோடு முடியவில்லை. குறைப்பு அறிவிப்பு வந்த மறுநாளே, 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனதாகச் செய்தி! பக்கத்து மேசைக்காரன் அதை உற்சாகமாக நம்புகிறான். ஒரு நாள் முன்னால் சொன்னதை மறந்துவிட்டு இன்று வந்ததைப் பகிர்கிற கூட்டம் எல்லாக் கட்சியிலும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் பிடித்த கட்சி உட்பட.

இதெல்லாம் நாவலாசிரியர் மிகைப்படுத்தியதுதானே சார்?

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டு 1937இல் தொண்டையில் குண்டடி பட்டவர் ஆர்வெல். சண்டையே நடக்காத இடத்தில் பெரும் போர் நடந்ததாகப் பத்திரிகைகள் எழுதியதை அங்கே கண்டார். பின்னர் 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை. போர்க்காலத் தணிக்கைக்கு உட்பட்ட வேலை அது. சோவியத் யூனியனில் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் வீழ்ந்தபின், ஸ்டாலின் பக்கத்தில் அவர் நின்ற புகைப்படத்திலிருந்து ஆளையே அழித்தார்கள். கண்ணால் பார்த்ததையும் காலத்தில் நடந்ததையும் கொஞ்சம் நீட்டினார், அவ்வளவுதான்.

இன்னொன்று கேளுங்கள். 2009 ஜூலையில், விற்றவரிடம் உரிமை இல்லை என்று தெரிந்ததும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்து (மின்னூல் படிக்கும் கருவி) சில மின்னூல்களை அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். நீக்கப்பட்ட நூல்களில் ஒன்று '1984'. காகிதப் பிரதியைத் திருத்த ஆள் வேண்டும், பழையதை எரிக்க உலை வேண்டும். திரையில் இருப்பதற்கு அதெல்லாம் வேண்டாம்.

ஆர்வெலா, ஹக்ஸ்லியா? யார் கணிப்பு பலித்தது?

இந்தப் பட்டிமன்றத்துக்கு ஹக்ஸ்லியே பிள்ளையார் சுழி போட்டார். ஈட்டன் பள்ளியில் ஆர்வெலுக்குச் சில காலம் பிரெஞ்சு கற்பித்தவர் அவர். 1949இல் '1984'ஐப் படித்துவிட்டுப் பழைய மாணவருக்குக் கடிதம் எழுதினார்: தடியும் சிறையும் செலவு பிடித்தவை, அடிமைத்தனத்தையே விரும்பும்படி மனிதர்களைப் பழக்குவது ஆள்பவர்களுக்கு லாபம் என்ற பொருளில். அவருடைய 1932 நாவலான 'பிரேவ் நியூ வேர்ல்ட்'இல் கவலையை மறக்கவைக்கும் சோமா மாத்திரை அதைச் செய்கிறது. இரவு ஒரு மணிக்கு ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு ஹக்ஸ்லி. பதிவு போட்டதற்கு வீட்டுக் கதவு தட்டப்படுகிறவருக்கு ஆர்வெல். ஒரே ஊரில் இரண்டு பேரும் இருக்கலாம்.

'ஃபாரன்ஹீட் 451' அரசுத் தணிக்கை பற்றியதுதானே?

பிராட்பரியின் இந்த நாவலில் தீயணைப்புப் படையின் வேலையே புத்தகங்களை எரிப்பது. அதன் தலைவர் பீட்டியின் நீண்ட பேச்சை மறுபடி படியுங்கள். மேலிருந்து ஆணை வந்து தொடங்கவில்லை. மக்களே படிப்பதை விட்டார்கள், யார் மனமும் புண்படக்கூடாது என்று ஒவ்வொன்றாக வெட்டினார்கள், நெருப்பு கடைசியில்தான் வந்தது என்கிறார். வேடிக்கை என்னவென்றால், 1967இல் பள்ளிகளுக்காக வந்த பதிப்பில் அந்த நாவலையே பதிப்பகம் கத்தரித்திருந்தது. பிராட்பரிக்கு விஷயம் தெரிந்தது 1979இல்.

ஜம்யாதினைப் பார்த்து ஆர்வெல் காப்பியடித்தாராமே?

ஜம்யாதினின் 'நாம்' நாவலுக்கு 1946இலேயே மதிப்புரை எழுதியவர் ஆர்வெல். ஒளிக்கவில்லை. அதில் வரும் கண்ணாடி வீடுகளையும் பெயருக்குப் பதில் எண்ணையும் படித்துப் பாருங்கள், உறவு தெரியும். ரஷ்யர் எழுதிய அந்த நூல் சோவியத் மண்ணில் அச்சேறியது 1988இல்!

தமிழில்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. பெயர் இரண்டெழுத்தில், குழந்தை பெற அரசு அனுமதி, எல்லாருக்கும் மேலே ஆட்சியாளர் ஜீவா. முடிவைச் சொல்லமாட்டேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. '1984' கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம். சித்திரவதை நடக்கும் அறை 101 பகுதியைப் படித்துவிட்டு நானே தூங்கவில்லை. ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' கொடுங்கள், க.நா.சு. மொழிபெயர்ப்பு உண்டு. களஞ்சியச் சுவரில் ஏழு கட்டளைகள் எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் எந்த இடத்தில், யாருக்காக மாறுகிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.