பித்தப்பை எடுத்தவருக்குப் பித்த உப்பு மாத்திரை தேவையா?

கேள்வி: பித்தப்பையை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். இனி கேரட், கீரை, வைட்டமின் டி எதுவும் உடலில் சேராது, ஆயுள் முழுவதும் பித்த உப்பு மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார் ஒரு விற்பனையாளர். உண்மையா?

பதில்: உண்மையில்லை. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீர்ப் பொருள்களான பித்த உப்புகளை உண்டாக்குவது கல்லீரல். பித்தப்பை அவற்றைச் சேர்த்து வைத்து, கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடையும்போது மொத்தமாக வெளியேற்றும் பை மட்டுமே. பையை எடுத்த பிறகும் கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து அவற்றைத் தயாரிக்கிறது. அவை சிறிது சிறிதாகத் தொடர்ந்து குடலில் இறங்குகின்றன.

கேரட்டின் பீட்டா கரோட்டினும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் நீரில் கரையாதவை. குடலின் உட்சுவரையோ ஒரு நீர்ப்படலம் மூடியிருக்கிறது. பித்த உப்பு மூலக்கூறின் ஒரு பக்கம் நீரோடும் மறுபக்கம் கொழுப்போடும் சேரும் என்பதால், அது செரித்த கொழுப்போடு கூடி மைசெல் எனப்படும் நுண்திரளாகி, இச்சத்துகளை உள்ளே ஏற்றிக்கொண்டு அந்தப் படலத்தைக் கடக்க வைக்கிறது. ஆக, கொழுப்பும் இந்த வேலையில் பங்காளி. காய்கறியை வேகவைத்துச் சிறிது எண்ணெயோடு உண்பதே பெரும்பாலோருக்குப் போதும். "எண்ணெய் கூடாது" என்று ஒரே வரி எழுதி, எத்தனை நாளைக்கு என்று சொல்லாமலே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனை வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வரி கிளப்பும் பயத்தைத்தான் இந்த விற்பனையாளர்கள் காசாக்குகிறார்கள். பரிசோதனையையும் மாத்திரையையும் ஒரே ஆள் விற்றால் இரண்டையும் வாங்காதீர்கள். லேபிளில் அச்சிட்டிருப்பது மாத்திரைக்குள் இருக்கும் அளவுதான்; உடலில் சேரும் அளவு அன்று.

ஒரு விலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். வேலை முடித்த பித்த உப்புகளில் ஏறத்தாழ 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகிறது. அப்பகுதி நோயுற்றிருந்தாலோ வெட்டி எடுக்கப்பட்டிருந்தாலோ அவை பெருங்குடலுக்குப் போய் நீராகப் பேதியை உண்டாக்கும். இழப்பு அதிகமானால் கல்லீரலால் ஈடுகட்ட முடியாமல் சத்துகளும் சேராது. பித்தப்பை எடுத்த சிலருக்கும் இத்தகைய பேதி வரும். அப்போது கடையில் பித்த உப்பு மாத்திரை வாங்கி விழுங்கினால் பேதி கூடக்கூடும். மருத்துவர் தரும் கொலஸ்டைரமின் தூளோ பித்த உப்புகளைப் பிடித்து வெளியேற்றுவது. அதை நீண்ட நாள் எடுத்தால் இந்த நான்கு வைட்டமின்களும் குறையலாம். அத்தூள் உங்கள் மருந்துச் சீட்டில் இருந்தால், மற்ற மாத்திரைகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிடுங்கள். வைட்டமின் டி அளவைப் பார்க்க வேண்டுமா என்று, தூளை எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள்.