மழை எப்போது வரும் என்றே தெரியாத ஊரில் அரை மாரத்தானுக்கு எப்படித் தயாராவது?

அதிகாலையில் எழுந்தால் மழை, வேலை முடிந்து வந்தால் இடி, வாரத்தில் இரண்டு நாள்கூட உருப்படியாக ஓட முடியவில்லை, இந்த நிலையில் 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டியது முட்டாள்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் இருவர், மழை என்பது வெறும் சாக்கு, மன உறுதி இருந்தால் எந்த வானிலையிலும் ஓடலாம் என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். நான் ஓடுவது மலேசியாவில், பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், சுற்றிலும் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் கித்தா என்னும் ரப்பர் தோட்டங்கள். இந்த ஊரில் என் அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். அன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்பதை அவருக்குச் சொன்னது தோட்டத்துக் கணக்கரான கிராணியும் இல்லை, மேற்பார்வை பார்க்கும் கங்காணியும் இல்லை, விடியற்காலை மழைதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்றுநரும் இல்லை, மருத்துவரும் இல்லை. பள்ளி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் நாற்பத்திரண்டு வயதுப் பெண். இதுவரை ஆறு அரை மாரத்தான்களை முடித்திருக்கிறேன், அவற்றில் சிறந்த நேரம் 2 மணி 11 நிமிடம். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், ஆனால் அந்த ஆறுக்கும் நான் பயிற்சி செய்தது குளிரூட்டப்பட்ட அறையில் ஓடும் இயந்திரத்தின் மேல் இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய பன்னிரண்டு வார அட்டவணையை நீங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் தொடக்கத்தில் அப்படித்தான் ஒட்டி வைத்திருந்தேன். செவ்வாய் 8 கிலோமீட்டர், வியாழன் 6, ஞாயிறு 14 என்று கட்டம் போட்ட தாள் அது. குளிர் நாட்டில் யாரோ எழுதிய அந்தத் தாளுக்கு ஏப்ரல் மாதத்துச் சுங்கை சிப்புட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டு நான் செய்த மடத்தனத்தைச் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கும். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் இரண்டு நாள் மழையால் ஓட்டம் தவறிப்போயிருந்ததால், எப்படியாவது 14 கிலோமீட்டரை முடித்தே தீர வேண்டும் என்ற வீம்பில் மாலை ஐந்து மணிக்குச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கிவிட்டேன். மேற்கில் நல்ல வெயில் இருந்தது, கிழக்கில் மலை கறுத்துக் கிடந்தது. முதல் இடி கேட்டபோது பத்துக் கிலோமீட்டர் முடிந்திருந்தது, மீதி நான்குதானே என்று நினைத்தேன். ஒற்றையடி போல நேராகப் போய்த் திரும்பும் பாதையைத் தேர்ந்தெடுத்திருந்ததால் எந்தப் பக்கம் ஓடினாலும் கூரை என்று ஒன்று அருகில் இல்லை. மழை வந்த வேகத்தில் எதிரே இருந்த மரவரிசை மறைந்துபோனது. நான் செய்யக் கூடாததைச் செய்தேன், ஒரு மரத்தின் அடியில் போய் ஒதுங்கினேன். வெளிச்சமும் சத்தமும் ஒரே கணத்தில் விழுந்தன. பக்கத்து நிரையில் ஏதோ ஒரு மரத்தில் இறங்கியிருக்க வேண்டும், பச்சை மட்டை கருகிய வாசனை மழையையும் மீறி வந்தது. கால் நடுங்கியதா, தரை நடுங்கியதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரி ஒன்று அந்த நேரத்தில் வராமல் இருந்திருந்தால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருப்பேனா தெரியாது. ஓட்டுநர் கதவைத் திறந்து, "ஏறும்மா மேல, மொதல்ல ஏறு!" என்று கத்தினார். ஏறி உட்கார்ந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நான் நன்றி சொல்வதற்குள், அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ மூனாவது லயத்துப் பொண்ணுல்ல?" என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு ஊர் எல்லை வரைக்கும் ஏச்சுதான். "உங்கம்மால்லாம் இடி இடிச்சா காண்டா வாளிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்துரும். நீ என்னாம்மா, இடிக்குள்ள ஓடுற? அம்மாவுக்குத் தெரியுமா?" (காண்டா என்பது பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு.) எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, என் பிள்ளை தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான். தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு அன்றிரவே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரகசியமாக இருக்காது. அவர் திட்டவில்லை. மறுநாள் அதிகாலை நான் எழுந்தபோது பின்வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, துத்தநாகக் கூரையின் விளிம்புக்கு அப்பால் புறங்கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளும் அவர் அப்படித்தான் நின்றிருப்பார், நான்தான் போர்வைக்குள் இருந்ததால் பார்த்ததில்லை. பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுவதற்கு முன்புதான் என்பதால் விடிவதற்குள் மரத்தடிக்குப் போயாக வேண்டும், ஆனால் பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் பரவிவிடும். வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில், அதாவது பால் ஏந்தும் கோப்பையில், நிறைவது பால் இல்லை, தண்ணீர். அதனால் மரம் வெட்டியவர்கள் வானத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் குறைந்தது.

அம்மா சொன்னதையும், மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ராடார் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் புரிந்துகொண்டது இது: எங்கள் ஊருக்கு மழை இரண்டு வாசல் வழியாக வருகிறது. அதிகாலைப் புயல்மழை மேற்கிலிருந்து வரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்திரா பக்கம் உருவாகும் மேகவரிசை இரவோடு இரவாக மலாக்கா நீரிணையைக் கடந்து விடிவதற்கு முன்னும் பின்னுமாகக் கரையேறும். அதை ராடாரில் ஒரு கோடு போலப் பார்க்கலாம், அது எப்போது நம்மை எட்டும் என்பதை ஓரளவு கணிக்கவும் செய்யலாம். மாலை இடிமழை வேறு வகை. பகல் வெப்பத்தில் மலைப்பக்கம் மேகம் திரண்டு இருந்த இடத்திலேயே கொட்டும் மழை அது, இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும் அக்டோபரிலும் அது உச்சத்தில் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மலை வழக்கத்தைவிடப் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தெரிந்தால் துணியை எடுத்துவிடு என்பது அம்மாவின் கணக்கு. இது அறிவியலா என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம், எங்கள் வீட்டுத் துணி நனைந்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, கிழமைக்கு ஓட்டத்தை ஒதுக்காமல் வாரத்துக்கு ஒதுக்குங்கள். எனக்கு வாரத்தில் நான்கு ஓட்டங்கள், அவற்றில் ஒன்று நீண்டது, ஒன்று வேகமானது, மற்ற இரண்டும் நிதானமானவை. எந்த நாளில் எது என்பதை முந்தின இரவு ராடாரும், காலை ஐந்து மணிக்கு அம்மாவின் புறங்கையும் முடிவு செய்யும். நீண்ட ஓட்டத்தை நேராகப் போய்த் திரும்பும் பாதையில் ஓடுவதை அந்த லாரிப் பயணத்தோடு நிறுத்திவிட்டேன். இப்போது எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி 1.2 கிலோமீட்டர் வட்டம் ஒன்றை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு சுற்றும் ஒரே நாய், ஒரே குப்பைத் தொட்டி, ஒரே மாமா கடை முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து தே தாரிக் தேநீர் குடிக்கும் காட்சி என்று அலுப்பூட்டுவதுதான், ஆனால் எந்த நேரத்திலும் ஒரு கூரையிலிருந்து சில நிமிடத் தொலைவுக்குள் இருப்பேன். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள், ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வரக் கூடாது. வெறும் மழைக்கு நான் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. இடிக்கும் புகைமூட்டத்துக்கும் நிறுத்துவேன். 2019 செப்டம்பரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 140ஐத் தாண்டியிருந்த ஒரு நாள், நூறுக்கு மேல் போனாலே ஆரோக்கியக் கேடு என்ற வகைதான் என்று தெரிந்தும் ஓடிவிட்டு, இரண்டு வாரம் இருமினேன். 2015 அக்டோபரில் கோலாலம்பூர் மாரத்தானையே புகைமூட்டத்தால் ரத்து செய்தார்கள், அதை நினைவில் வைத்திருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அதிகாலை ஓட்டத்தில் இருட்டும் ஒரு சிக்கல். தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி முதல் தேதி அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. எட்டு மணிக்குள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் முழு இருட்டில்தான் ஓட முடியும். அம்மா இன்னமும் அதைப் "புது நேரம்" என்றுதான் சொல்வார். நான் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ஓடுகிறேன், ஏனென்றால் எங்கள் தாமானின் பின்சாலையில் எட்டு மாதங்களாக மூன்று தெருவிளக்குகள் எரியவில்லை, நான்கு முறை புகார் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் மட்டுமே கிடைக்கிறது. முதல் நாள் விளக்கோடு என்னைப் பார்த்த அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பட்டை தளர்ந்திருக்கிறது என்று ஊசி நூலை எடுத்து வந்து தைத்துக் கொடுத்தார். கோயிலில் ஓர் அத்தை, "அம்மா லாம்பு கட்டிக்கிட்டு ஓடுனது சம்பளத்துக்கு, நீ காசு கட்டி ஓடுறியா?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை, நல்ல பதிலும் கிடைக்கவில்லை.

மழை இல்லாத நாளிலும் நம் வானிலை சும்மா விடாது. விடியற்காலையில் வெப்பம் 24 பாகை செல்சியஸ்தான் இருக்கும், ஆனால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். அட்டவணையில் போட்டிருக்கும் வேகத்தை எட்ட முடியவில்லை என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்கிறீர்கள் என்றால் அதை இன்றோடு நிறுத்துங்கள், தூரத்தையும் வேகத்தையும் விட்டுவிட்டு நிமிடக் கணக்கில் ஓடுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தபோது ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு 1.4 கிலோ குறைந்திருந்தது, அதாவது ஏறக்குறைய அத்தனை லிட்டர் தண்ணீர்.

நனைந்த காலணிக்கு நாளிதழ்தான் மருந்து. உள்பாதத் தட்டை உருவி எடுத்துவிட்டு, தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துப் புதுத் தாளைத் திணித்தால் மறுநாள் போடலாம், அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டுப்போகும். காலில் வெட்டோ கொப்புளமோ இருக்கும்போது சாக்கடை பொங்கிய தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் இந்த நாட்டில் ஆளையே கொல்லக்கூடியது.

இன்று காலை அம்மாவின் புறங்கை "போ" என்றது. ஐந்தாவது சுற்றில் மழை பிடித்துக்கொண்டது, இடி இல்லை, எட்டுச் சுற்று முடித்தேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அம்மா இப்போது நாளிதழைத் தேடுகிறார், அது ஞாயிறு பதிப்பு, அவர் இன்னும் பிரிக்கவே இல்லை, இரண்டு காலணிகளுக்குள்ளும் பாதி பாதியாக இருக்கிறது.