ராஜகல மலைக்குக் குடும்பத்தோடு போகுமுன்

கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: “ஆகஸ்ட் விடுமுறையில் உறவினர் 12 பேர் அம்பாறை ராஜகல மலைக்குப் போக இருக்கிறோம். 9 வயது மகளும் 67 வயது மாமியும் வருகிறார்கள். காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்து, மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு புறப்படலாம் என்று நினைக்கிறோம். வேறு என்ன கவனிக்க வேண்டும்? யானை, பாம்பு பயமும் இருக்கிறது.”

முதலில் அந்தக் காலைச் சாப்பாட்டை மாற்றுங்கள், ரீச்சர். வீட்டில் சாப்பிட்டுப் புறப்பட்டால் மலையடிக்குப் போகும்போதே வெயில் ஏறிவிடும். ஆகஸ்ட் கச்சான் காற்று வீசும் காலம். அந்த வரண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு நீர் இழப்பது நமக்கே தெரியாது. புட்டோ பாணோ கட்டிக்கொண்டு விடியமுன் கிளம்பி, வாயில் திறக்கும் நேரத்துக்கு அங்கே நில்லுங்கள். மகா ஓயா வீதியில் அம்பாறையிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர்தான். ஆனால் அது யானை கடக்கும் வீதி. இருட்டில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்குத் தலைக்கு 3 லீற்றர் தண்ணீர், குழுவுக்கு ஐந்தாறு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பைக்கற். தாகம் எடுக்குமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். யாராவது தலை சுற்றுகிறது என்றால் நிழலில் இருத்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். பேச்சுக் குழறினால் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மாமியை முன்னுக்கு இரண்டாவதாக நடக்க விடுங்கள். அவர் வேகமே எல்லோருடைய வேகம். பிள்ளை நடுவில், பாதை தெரிந்த ஒருவர் கடைசியில். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும், ஒரு கைத்தடி கொடுங்கள். எந்த மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே தீர்மானியுங்கள். பத்தரைக்கு மேல் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உச்சியைப் பார்க்காமல் திரும்பினாலும் அந்த நேரத்தை மீறாதீர்கள்.

யானை பெரும்பாலும் அதிகாலையிலும் பின்னேரத்திலும் நடமாடும். ஈரம் காயாத இலத்தி, புதிதாக முறிந்த கிளை கண்டால் நின்று கேளுங்கள், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் பெருந்தேனீயும் குளவியும்தான். கூச்சல், புகை, வாசனைத் தைலம் மூன்றும் வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு கூட்டை விட்டுத் தூர விலகுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 1990.

பாம்புக்கு மூடிய சப்பாத்தும், கை வைக்குமுன் பார்க்கும் பழக்கமும் போதும். கடித்தால் இறுகக் கட்டவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். விஷகடி வைத்தியரிடம் முதலில் போய் நேரத்தை இழந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

இனி அந்த இடத்தைப் பற்றி. அசோகரின் மகனும் இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்தவருமான மகிந்த தேரரும் அவரோடு வந்த இட்டிய தேரரும் நினைவுகூரப்படும் தூபி அங்கே இருக்கிறது. அவர்களைக் குறிப்பிடும் பிராகிருதக் கல்வெட்டு பிராமி எழுத்தில் உள்ளது. மகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள். அவள் படியைத் துள்ளி ஏறாமல் பார்த்து ஏறுவாள். குகைகளின் மேல் விளிம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். மழைநீர் உள்ளே வடியாதிருக்கப் பாறையில் வெட்டிய விளிம்பு அது. அதன் கீழேதான் சில கல்வெட்டுகள் இருக்கும்.

எழுத்து தெளிவாகப் படத்தில் விழ வேண்டுமென்று சிலர் சோக்குத் தூள் பூசுகிறார்கள், தண்ணீர் தெளித்துத் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாறை மேற்பரப்பு உரிந்தால் எழுத்தும் அதோடு போகும். சாய்வெளிச்சம் படும் காலை நேரத்தில் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். உடைந்த ஓடு, செங்கல் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அது குற்றம். செங்கற் சுவரில் ஏறி உட்காரவும் விடாதீர்கள். குறுக்குவழி வேண்டாம்: வேரோடு மண் கரைந்தால் அடுத்த மழையில் படிக்கல்லும் சரியும், காலுக்குக் கீழே எதுவிருக்கிறது என்பதும் தெரியாது.

அது பௌத்தர்கள் வழிபடும் இடம். தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடை அணியுங்கள். தூபிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்ற வேண்டி வரும், கல் கொதிக்கும். ஒரு சோடி தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

மதியச் சோற்றை மலையில் அவிழ்க்காமல் வாகனத்தில் விட்டுச் செல்லுங்கள். குரங்கு பறிக்கும், லஞ்ச் சீற் காற்றில் பறக்கும். இறங்கிய பிறகு அம்பாறைப் பக்கம் ஏதாவது மர நிழலில் எல்லோருமாகச் சாப்பிடலாம். மேலே கொண்டுபோகும் பிஸ்கற் உறையும் மாங்கொட்டையும் ஒரு சொப்பிங் பையில் உங்களோடு கீழே வரட்டும்.