மாடித்தோட்டம்: முதல் பட்டம் (விதைப்புப் பருவம்) சரியாக வரவில்லை, தைப்பட்டத்துக்குத் தொடரலாமா?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆடிப்பெருக்கன்று முதன்முதலாக விதை போட்டேன். கடையில் வாங்கிய தென்னைநார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து, கொஞ்சம் மண்புழு உரம் கலந்து பைகளில் நிரப்பினேன். வெண்டை மஞ்சளாகிவிட்டது. பாகல் பூத்ததோடு சரி. தக்காளி வெளிறிப்போய், காய்த்த சிலவும் அடியில் கறுத்தன. ஊரிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் பழைய எருவும் போட்ட தொட்டியில் அரைக்கீரை மட்டும் நன்றாக வந்தது. எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள் வீட்டில். தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடருங்கள். கீரைக்கும் தக்காளிக்கும் தண்ணீர் ஊற்றியது ஒரே கைதான். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் மண். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

தக்காளிப் பை ஒன்றைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். மேலே இரண்டு விரற்கடை பொடிப்பொடியாகக் காய்ந்திருக்கும். அடியில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். வேர் வெள்ளையாக இல்லாமல் பழுப்பேறி, தொட்டால் தோல் உரிகிறதா? அப்படியானால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகியிருக்கிறது. நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஆனால் மேற்பரப்பு சீக்கிரம் காய்வதால் நாம் ஏமாந்து மறுபடியும் ஊற்றுகிறோம். இனிமேல் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். பையின் அடியில் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு கோளாறு பசி. மக்காத நார்க்கழிவில் கரிச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 100:1-ஐத் தாண்டும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் மண்புழு உரம் எந்த மூலைக்கு? அதனால்தான் செடி வெளிறியது. பழைய கலவையைத் தூக்கி எறிய வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இந்தப் பழைய நார்க்கழிவு ஒரு பங்கு சேர்த்து, கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூளும் கலந்து, லேசாக ஈரம் காட்டி இரண்டு வாரம் நிழலில் குவித்து வையுங்கள். எரு பச்சையாக இருந்தால் கலக்கவே கூடாது. வேர்ப்புழு கூடவே வந்துவிடும். செம்மண் சேர்த்தால் பை கனக்கும் என்பதால், மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள்.

காயின் அடி கறுத்தது பூச்சியால் அல்ல. சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் ஏறும். ஒருநாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் விட்டால் காய்தான் முதலில் அடிபடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் அது மெதுவாகத்தான் கரையும். இருக்கிற காயைக் காப்பாற்றாது. ஒரே சீராகத் தண்ணீர் விடுவதுதான் வைத்தியம்.

வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலை பின்னியதுபோல் ஆகி, காயும் வெளிறியதா? அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். இது மண்ணில் தங்கும் நோய் இல்லை என்பதால் அந்தப் பைகளுக்கு ஆபத்தில்லை. அடுத்த முறை இந்த நோயைத் தாங்கும் ரகத்தை விதையுங்கள். முளைத்ததிலிருந்தே, வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டை கட்டுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலக்கி, வாரம் ஒருமுறை மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வீட்டைச் சுற்றித் துத்திச் செடி இருந்தால் எடுத்துவிடுங்கள், வெள்ளை ஈக்கு அது பிடித்த இடம்.

பாகலில் முதலில் ஆண் பூக்கள் மட்டும் வருவது இயல்பு. பெண் பூ வந்தால் அதன் அடியில் குட்டிப் பாகற்காய் ஒட்டியிருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்திருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். மாடிக்குத் தேனீ வருவது குறைவு. காலையில் பூ விரிந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். வெயில் ஏறிவிட்டால் பலன் குறைவு. துளசியும் செண்டுமல்லியும் இரண்டு பை வையுங்கள், தேனீ தானாக வரும்.

தக்காளிக்கு மட்டும் தைவரை காத்திருக்காதீர்கள். இந்தக் கார்த்திகையிலேயே நாற்று விட்டு, 25 நாள் நாற்றை மார்கழியில் பைக்கு மாற்றுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் பூ உதிரும். மதுரை வெயிலுக்கு முன்னால், மாசியிலேயே காய் பிடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பங்குனி பிறந்ததும் மேலே ஒரு நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள்.