தடுப்புச் சுவர் கட்டினால் மலைச்சரிவு மனை பாதுகாப்பாகிவிடுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே மலைச்சரிவில் 5 சென்ட் மனை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சரிவை ஏற்கெனவே வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள்; பின்புறம் மண் 12 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. மழைக்காலத்தில் அங்கே ஊற்று கசியும் என்று பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர் சொன்னார். தரகரோ, அடியில் பாறைதான் இருக்கிறது, தடுப்புச் சுவர் எழுப்பினால் போதும் என்கிறார். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: இப்போது இருக்கும் நிலையில் வாங்க வேண்டாம். நீங்கள் சுவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஊற்று.

நீலகிரி மலை சார்னோகைட் என்னும் மிகக் கடினமான பழம்பாறையால் ஆனது. ஆனால் வெப்பமும் ஈரமும் நெடுங்காலமாக அந்தப் பாறையை மேலிருந்து மக்கச் செய்துகொண்டே வந்ததால், பல இடங்களில் அதன்மீது ஓர் ஆள் உயரத்துக்கும் மிக அதிகமாகச் செம்மண் படிந்து கிடக்கிறது. மழைநீர் இந்த மண்ணில் இறங்கி, கீழே உள்ள கெட்டிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றி, மண்ணும் பாறையும் சந்திக்கும் இடத்திலேயே தேங்கிக் கசிகிறது. மண்ணின் எடை கூடுகிறது, பாறையின் மேல் அதற்கிருந்த பிடிமானமோ குறைகிறது. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சரிவுகளுக்குப் பின்னால் இருந்ததும் இந்த நீர்தான்.

சரிவின் அடிப்பகுதி, மேலே உள்ள மண் முழுவதற்கும் முட்டுக்கொடுத்து நிற்பது. உங்கள் மனையில் அந்த அடிப்பகுதியைத்தான் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கட்டும் சுவருக்கு நீர் வடியும் துளைகளும், பின்புறம் ஜல்லி நிரப்பிய வடிகாலும் இல்லையென்றால், அது மண்ணைத் தாங்கும் சுவராக இருக்காது. நீரைத் தேக்கும் அணையாகிவிடும். கல்லும் சிமெண்டும் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் ஒருநாள் அதைப் பிளந்துவிடும்.

பாறை இருக்கும் இடத்தில் ஆபத்து குறைவு என்பது உண்மை. இந்த ஒரு விதிவிலக்கைத்தான் தரகர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சார்னோகைட் மக்கும்போது வெடிப்புகளின் வழியே மக்கி, நடுவில் மக்காத பகுதிகளை உருண்டைகளாக மண்ணுக்குள் விட்டுவிடுகிறது. யானை அளவு இருக்கும் அந்த உருண்டை, வெளியே தெரியும் முகத்தை மட்டும் பார்ப்பவருக்கு மலையின் பாறையாகவே தோன்றும். குன்னூர் பக்கம் ஒரு மனையில் இப்படிக் காட்டப்பட்ட 'பாறை'யின் ஓரத்தைத் தோண்டச் சொன்னேன். நான்கடி ஆழத்தில் கடப்பாறை அதன் அடிவயிற்றுக்குக் கீழே ஈரச் செம்மண்ணில் வழுக்கிக்கொண்டு புகுந்தது. அங்கே வீடு கட்டவிருந்தவர்கள் அதன்மீதுதான் தூண் எழுப்புவதாக இருந்தார்கள். ஆகவே பாறை என்று யார் சொன்னாலும், மனையின் மூன்று நான்கு இடங்களில் குழி தோண்டி, அது தொடர்ந்து ஒரே பாறையாகப் போகிறதா என்று கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள்.

தரகர்கள் மனையைக் காட்டுவது பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரைதான். அப்போது ஊற்று வற்றியிருக்கும், விரிசல்களைப் புல் மூடியிருக்கும். 'புவியியலாளர் சான்றிதழும் நானே வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நிலத்தை மிதிக்காமலே எழுதப்பட்ட சான்றிதழ்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். முதலில் ஜே.சி.பி.யை விட்டு வெட்டிவிடுவது, பிறகு அனுமதிக்கு மனுப் போடுவது என்ற வழக்கமும் இருக்கிறது. மண்ணை வெட்டியதற்கு அனுமதி ஆணை எங்கே என்று கேளுங்கள். தரகரின் முகமே பதில் சொல்லிவிடும்.

அரசிடம் வரைபடம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் 1:50,000 அளவில் வரையப்பட்டது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். உங்கள் 5 சென்ட் நிலம் அதில் ஊசிமுனை அளவுகூடத் தேறாது. பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் இணையத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் விவரம் வருகிற காலத்தில், அதே எண்ணுக்கு நேராகச் சரிவு அபாயம் என்ன என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேசைக்கு மேசை கோப்பு நகர்கிறது, வாங்குபவரின் கையில் ஒன்றும் வருவதில்லை.

வரும் நவம்பரில், இரண்டு மூன்று நாள் தொடர்மழைக்குப் பிறகு, தரகர் இல்லாமல் நீங்களே போய்ப் பாருங்கள். ஊற்று நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று கவனியுங்கள்; கலங்கி வந்தால் உள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். வெட்டுக்கு மேலே நடந்து, பிறை வடிவ விரிசல்களும் அடிமரம் வளைந்த மரங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அத்தோடு, அந்த மேல் நிலம் யாருடையது என்றும் விசாரியுங்கள். ஊற்றுக்கு நீர் வருவது அங்கிருந்துதான், அதைத் திருப்பிவிடும் வடிகாலை வெட்ட வேண்டியதும் அங்கேதான். அந்த உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தராதவரை முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.