பாவாவின் முற்றம் (கடிதமும் பதிலும்)

மதிப்புக்குரிய ஐயா,

நான் கட்டடக்கலை இரண்டாம் வருட மாணவி. இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் வடிவமைப்புக் கொள்கை பற்றிக் கட்டுரை எழுத வேண்டியுள்ளது. அவரோ கொள்கை என்று அதிகம் எழுதிவைக்கவில்லை. 38 வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்ற, வசதியான முன்னாள் சட்டத்தரணி ஒருவரின் இரசனையைத்தான் நாம் கொள்கை என்று கொண்டாடுகிறோமா?

சுதர்சினி, வெள்ளவத்தை

அன்புள்ள சுதர்சினி,

வசதி இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1919இல் கொழும்பில் சட்டத்தரணி ஒருவரின் மகனாகப் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, இலண்டனில் பாரிஸ்டரான ஒருவர், அந்தத் தொழிலில் மனம் ஒட்டாமல் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து, பெந்தோட்டைக்கு அருகே தெதுவ வாவிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த இறப்பர் தோட்டத்தை வாங்குகிறார் என்றால், அது எல்லோருக்கும் வாய்ப்பதல்ல. ஆனால் உங்கள் கேள்விக்கான விடையும் லுனுகங்க என்ற அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது. அதைத் திருத்தப் புகுந்தபோதுதான் தமக்குத் தொழிலறிவு போதாது என்று கண்டு, கொழும்பின் எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக் நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். பிறகு மீண்டும் இலண்டன் சென்று படித்து 1957இல் தகுதி பெற்றார். மரம், நிலத்தின் சாய்வு, தண்ணீர், கண் போய்த் தங்கும் தூரம் ஆகியவற்றை முதலில் பழகி, சுவரை அதன்பின் பழகியவர் அவர். என் பார்வையில் அந்த வரிசைதான் அவருடைய கொள்கை.

1960 முதல் 1962 வரை கொழும்பு அல்பிரட் பிளேசில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்கு அவர் கட்டிய வீட்டைப் பாருங்கள். காலனித்துவ பங்களா காணியின் நடுவில் உட்கார்ந்து, தோட்டத்தைச் சுற்றிலும் வைத்துக்கொள்ளும். காணிகள் சிறுத்துவந்த நகரத்தில் அது நெடுங்காலம் நடக்கிற காரியமல்ல. பாவா தெருப்பக்கம் மதிலை எழுப்பித் தோட்டத்தை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார். நடு முற்றத்தைச் சுற்றி அறைகள், அவற்றின் மேல் அகன்று தாழ்ந்த ஓட்டுக் கூரை. நடு முற்றத்தின் நாற்புறமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்படைய அதிகம் இராது. நகரக் காணிக்கு அது எவ்வளவு சிக்கனமாகப் பொருந்தும் என்று கண்டதே அவருடைய கெட்டித்தனம். (என் தொடர்மாடி வீட்டின் யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கைக்கெட்டும்; இதை எழுதும்போது சற்றுப் பொறாமையும் இருக்கிறது.)

இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் உருக்கும் கண்ணாடியும் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே உள்ளூர் மரமும் கல்லும் ஓடும் அவருக்கு இரசனை மட்டுமல்ல, நிர்ப்பந்தமும்கூட. அலைவடிவச் சீமெந்துத் தகட்டின் மேல் அரைவட்டப் பீலி ஓடு பரப்பும் அவருடைய கூரை முறையில் தகடு மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தாங்கும். வெறும் இரசிகர் ஒருவரின் மூளையில் இப்படிப்பட்ட கூரை உதிக்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு பெயர் இல்லாதது எனக்குக் குறையாகப்பட்டது. 1967 முதல் பாவாவின் பங்காளராக இருந்த பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். கோட்டேயின் சதுப்பு நிலத்தை நீர்நிலையாக்கி, அதன் நடுவே 1979இல் கட்டும் பணி ஒப்படைக்கப்பட்ட பாராளுமன்றத்தை 1982இல் திறக்கும் நிலைக்குக் கொண்டுவருவது தனியொருவரின் இரசனையால் ஆகிற வேலையா? வரைபடத்தைக் கட்டடமாக்கியவர்களின் பங்கையும் சேர்த்து எழுதினால், ‘கொள்கை’ என்ற சொல்லை நீங்கள் இவ்வளவு சந்தேகத்தோடு எழுத வேண்டியிராது.